கொக்குக்குப் பின்னால் இருக்கும் இருட்டு

நீர்ப்பறவைப் படங்களில் தண்ணீர் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் கொக்கு, ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எண்ணும்படி, அலகின் நுனியில் ஒரு சொட்டு நீர், சுற்றிலும் மையிருட்டு. பார்த்த மாத்திரத்தில் ‘என்ன சுத்தமான படம்!’ என்று சொல்லத் தோன்றுகிறது. போட்டிகளில் பரிசும் அதற்குத்தான் கிடைக்கிறது, நாட்காட்டியில் அச்சாவதும் அதுதான். எடுத்தது பட்டப்பகலில் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலில், ஆள் நடமாட்டமுள்ள ஒரு நீர்நிலையில் நின்ற பறவை எப்படி ராத்திரிக்குள் போய் நின்றுகொண்டது என்பதும் கேமரா பிடிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். எக்ஸ்போஷரைக் கொக்கின் வெள்ளைக்கு வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே இருளுக்குள் இறங்கிவிடும். இதில் புதிர் ஒன்றுமில்லை. புதிர் இல்லாத இடத்தில் உறுத்தல் மட்டும் எதற்காக நிற்கிறது என்பது பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் ஒருவேளை பிடிபடலாம்.

பூண்டி என்றதும் சென்னைப் பக்கத்துப் பறவை நண்பர்கள் கொசஸ்தலை ஆற்றின் நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்வார்கள். 1944இல் கட்டி முடித்த அந்தச் சத்தியமூர்த்தி சாகரில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லும் பூண்டி வேறு. கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து போகும் பேருந்து கிளாவரையோடு நின்றுவிடும். அதற்கு முந்தைய ஊர். நீர்ப்பறவை தேடி இவ்வளவு தூரம் யாரும் மலையேறி வருவதில்லை. சரிவில் வெட்டிய படிவயல்கள், பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ், இடுக்கில் ஓடும் ஓடை, அதை மறித்துக் கட்டிய சின்னத் தேக்கங்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் புகைபடும்படி கட்டித் தொங்கவிட்ட பூண்டுக் கொத்துகளின் வாசம் தெரு வரைக்கும் வரும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அது. இந்தச் சரிவுகளின் நீர் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கின் பக்கம் இறங்கி அமராவதிக்குப் போய்ச் சேர்கிறது. இங்கே வரும் நீர்ப்பறவைகளும் சாமானியமானவை. ஒரு மடையான், உழுத மண்ணில் புழு பொறுக்கும் ஒன்றிரண்டு உண்ணிக்கொக்கு, குளிர்காலத்தில் கல்லுக்குக் கல் தாவி வாலை ஆட்டும் மஞ்சள் வயிற்று வாலாட்டி. மன்னவனூர் ஏரிப் பக்கம் போனால் இன்னும் சில பார்க்கலாம். கூட்டம் இல்லாததால் ஒரே பறவையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. பறவை ஒன்றாக இருக்கும்போதுதான் வெளிச்சம் எத்தனை விதமாக மாறுகிறது என்பதும் தெரியவருகிறது.

ஊர் 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. காற்று மெலிந்து, தூசியும் குறைந்துபோவதால் வெயில் சிதறுவதும் குறைவு. சமவெளியில் வானமே ஒரு பெரிய விளக்காக நின்று நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சத்தை ஊற்றிக்கொண்டிருக்கும். வேடந்தாங்கல் கரையில் ஒரு மரத்தடி நிழல்கூட முழு இருட்டாக இருப்பதில்லை. இங்கே தை மாதக் காலையில் வெயில் கத்தி மாதிரி இறங்குகிறது. வெயில் பட்ட இடம் சுடர்கிறது, படாத இடம் கிணறு. ஆக, கொக்குக்குப் பின்னால் தண்ணீர் கறுப்பதற்கு மலையே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது. மீதிப் பாதியைச் செய்வது கேமராவின் ஒளிமானியும் அதைத் திருத்துகிறவனின் விரலும். ஒளிமானிக்கு எதிரில் நிற்பது கொக்கா காக்கையா என்று தெரியாது. எது நின்றாலும் சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் பரப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பந்தியில் குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே கரண்டியில் ஊற்றிக்கொண்டே போகும் பரிசாரகரைப் போல அதற்குப் பாரபட்சம் கிடையாது. கறுத்த தண்ணீருக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், சட்டகத்தில் இருட்டே மிகுதி என்று அது ஒளியைக் கூட்டும். கொக்கு வெந்து சுண்ணாம்பாகும். சட்டகம் முழுக்கக் கொக்கே நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும். கொக்கு அழுக்கு வேட்டி நிறத்துக்கு வரும். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்கள் எவ்வளவோ சாமர்த்தியமானவை. ஆனாலும் அந்தப் பறவை எவ்வளவு வெள்ளை என்பதை அவை ஊகிக்கத்தான் செய்கின்றன. இன்றைக்கும் அதைப் பிடிக்கிறவன்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

மடையானை வைத்து இதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலக்கமாகும். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். குட்டையின் ஓரத்தில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சேற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மார்பில் பழுப்புக் கோடுகள், முதுகில் ஈர மண்ணின் நிறம், கால் மட்டும் மங்கலான மஞ்சள்பச்சை. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நிறுத்தி, பிறகு தண்ணீர் சுளிக்காமல் வைக்கும். இந்த நிலையில் ஒளிமானி சொல்லும் கணக்கே சரி; சேறும் மடையானும் ஏறக்குறைய நடுச்சாம்பல்தான். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, நல்ல வெயிலில் 1/1600 நொடி. இது பிலிம் காலத்தில் பிலிம் டப்பாவோடு வந்த பழைய வெயில் கணக்கு, இன்றும் தப்புவதில்லை. ஆனால் மடையான் எழும்பியதும் சேறு காணாமல் போய்விடும். சிறகு, வால், பின்முதுகு எல்லாம் ஒரே வெள்ளை. இவ்வளவு வெள்ளையை அது எங்கே மடித்து வைத்திருந்தது என்று திகைப்பதற்குள் படிவயலின் மேல்வரப்பைத் தாண்டிப் போயிருக்கும். அந்த வெள்ளைக்கு 1/3200 வேண்டும், ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி ஒளி. எழும்பிய பிறகு மாற்ற நேரமில்லை. எனவே அனுபவஸ்தர்கள் முன்கூட்டியே 1/3200இல் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். உட்கார்ந்திருக்கும் பறவை ஒரு ஸ்டாப் இருண்டு தெரியும், பரவாயில்லை, பறக்கும்போது சரியாகிவிடும் என்று. இதை நினைக்கும்தோறும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. இன்னும் பறக்காத ஒரு பறவைக்காகக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பறவையை இருட்டடிக்கிறோம். சிலருக்கு அந்தக் காத்திருப்பும் பொறுப்பதில்லை. கையைத் தட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். கணித்து வைத்த எக்ஸ்போஷர் வீணாகக்கூடாது என்பதற்காகப் பறவையின் காலை உணவு வீணாகிறது.

பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறும்போது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். சமவெளியில் பழகியவர்களின் கையில் ‘வெள்ளைப் பறவையா, குறை’ என்ற விதி பதிந்து கிடக்கும். பனிக்குள் நிற்கும் உண்ணிக்கொக்குக்கு அதே விதியைப் போட்டால் படம் சாயங்காலம் மாதிரி வரும். சட்டகம் பூராவும் வெளிறிய பனி. ஒளிமானி அதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஆகவே இங்கே ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டவேண்டும். காலையில் கறுத்த தண்ணீருக்கு முன்னால் குறைத்த அதே கொக்குக்கு, அதே இடத்தில், பிற்பகலில் கூட்டவேண்டும். கொக்கின் வெள்ளை மாறவில்லை. அதன்மேல் விழும் ஒளி மாறியிருக்கிறது, அதன் பின்னால் இருப்பது மாறியிருக்கிறது. பறவையிலிருந்து திரும்பி வருவதை அளக்காமல் பறவையின்மேல் விழுவதை அளந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி நிறுத்திக்கொள்ளும் பழைய ஆட்களின் வழக்கம் அதற்காகத்தான். கை நடுச்சாம்பலைவிடக் கொஞ்சம் வெளிறியது. ஆனால் பனிக்கு எது சரி? பனி எவ்வளவு வெள்ளையாக இருக்கவேண்டும்? வெளிச்ச இருட்டின் பரவலை மலைபோலக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் பனிக்குள் ஒடுங்கி, நடுவில் ஒரு குன்றாக நிற்கும். அதை வலப்பக்கம் நகர்த்தலாம், எங்கே நிறுத்துவது என்று அது சொல்லாது. கணினியில் தானியங்கித் திருத்தத்தை அமுக்கினால், கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை என்று மென்பொருள் பதறிப்போய் இரண்டையும் உண்டாக்கும். பனி விலகிய ஊரில் கொக்கு நிற்கும். அப்படி ஒரு பிற்பகல் பூண்டியில் இருக்கவே இல்லை. இருந்தும் படம் பளிச்சென்று இருக்கும். கேட்டால் எக்ஸ்போஷர் பிரமாதம் என்பார்கள்.

தேக்கத்துக்கு மேலே பூண்டு போட்டிருந்த ஒரு பெரியவர், நான் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். மடையானைப் படம் பிடிப்பதில் அவருக்கு என்ன வேடிக்கை தெரிந்ததோ, காட்டச் சொன்னார். கேமராவின் பின்திரையில் காட்டினேன். வெயில் மறைக்கத் தோளில் கிடந்த துண்டை மேலே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நம்ம ஓடையா தம்பி இது?” என்றார். ஆமாம் என்றேன். “என் பைப்பக் காணமே.” கொக்கு நின்ற இடத்துக்கு இரண்டு முழம் பின்னால் அவருடைய மோட்டார்க் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கறுப்புக் குழாய், நுனியில் சல்லடை, மிதப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கேன். படத்தில் அது இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு மட்டுமே இருந்தது. “இருட்டிருச்சுங்கய்யா, வெயிலுக்கு அப்படித்தான் விழும்” என்று சொல்லி வைத்தேன். அவர் குழாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “மத்தியானம் எடுத்தது ராத்திரி மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, கீழ்த்தேக்கத்தில் தண்ணீர் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் பங்குனி வரை மோட்டார் இல்லாமலே வாய்க்காலில் வருமாம். அவருக்குப் படத்தில் குறை சொல்லும் எண்ணமே இல்லை. காணாமல் போனது அவருடைய பொருள், அதனால் அவருக்குத் தெரிந்தது. எனக்கு அந்தக் குழாய் வெறும் தொல்லையாக, இருட்டில் மறைந்தால் நல்லது என்று மனதுக்குள் கழித்துவிட்ட ஒன்றாக இருந்திருக்கிறது. எக்ஸ்போஷர் என்பது எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்ற கணக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். யாருடைய பொருள் படத்தில் இருக்கவேண்டியதில்லை என்று முடிவுசெய்வதும் அதே சக்கரத்தைத் திருப்பித்தான்.

முன்பு இதற்கு ஒரு நியாயம் இருந்தது. வண்ண ஸ்லைடு பிலிம் காலத்தில் மிக வெளிச்சத்துக்கும் மிக இருட்டுக்கும் நடுவே ஐந்து ஸ்டாப் அளவுதான் பிடிக்கும். வெயில் பட்ட கொக்கையும் நிழலில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. ஏதாவது ஒன்று போகவேண்டும், கொக்கு போகக்கூடாது, தண்ணீர் போகட்டும். கறுப்புவெள்ளை நெகட்டிவ் கொஞ்சம் தாராளமானது. 1912இல் பிறந்து 1996இல் மறைந்த மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்ட கருவியோடு காட்டில் நடந்தவர், கறுப்புவெள்ளையைக் கைவிடவில்லை. மாதவையாவின் மகன், தமிழிலும் எழுதினார், ஆங்கிலத்தில் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 தொடங்கிக் கடைசி வரை எழுதினார். வண்ணம் இல்லாதபோது பறவையைப் புதரிலிருந்து பிரித்துக் காட்ட ஒளி ஒன்றுதான் இருக்கிறது. சாம்பலின் படிகளைப் பார்க்கப் பழகாதவர் அந்த வேலையைச் செய்யவே முடியாது. டிஜிட்டல் வந்தபோது முதலில் ஸ்லைடின் குணமே திரும்பி வந்ததாகத் தோன்றியது. வெள்ளை ஒரு தடவை நிரம்பி வழிந்துவிட்டால் அதில் இறகு திரும்பக் கிடைக்காது. அதனால் வெள்ளையைக் காப்பாற்று என்ற பழைய மந்திரம் அப்படியே தொடர்ந்தது. ஆனால் இருட்டின் பக்கம் நிலைமை மாறிவிட்டது. இன்றைய நல்ல சென்சார் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் 13, 14 ஸ்டாப் வரை பிடித்து வைக்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். அவற்றில் பாதி மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது என்றாலும், மிச்சத்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. கொக்கின் வெள்ளைக்கு வைத்து எடுத்த அந்தக் கோப்பைத் திறந்து நிழலை மட்டும் உயர்த்தினால் குழாய் எழுந்து வரும், கேன் எழுந்து வரும், கரையில் காய்ந்த பூண்டுத் தாள் எழுந்து வரும். அது அங்கேயேதான் இருந்தது. ஒரு காலத்தில் பிலிமின் இயலாமையாக இருந்த கறுப்பு, பிறகு பழக்கமாகி, ரசனையாகி, இன்றைக்கு நாமே தேர்ந்தெடுத்து வைப்பதாக ஆகிவிட்டது. இயலாமைக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. தேர்வுக்குச் சொல்லவேண்டும்.

கறுப்பு என்பது படத்தில் உண்டாக்கப்படுவது என்று காட்ட இந்த மலையிலேயே பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள், கண்ணாடித் தட்டில் தொடங்கி. அதன் பின்னால் இருப்பது ஒரு பஞ்சம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற எண்ணத்தில் சூரியனைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும் என்று பரிந்துரை எழுந்தது. தெளிந்த காற்றுக்காகக் கொடைக்கானலைத் தேர்ந்தார்கள். மழையை அந்தப் படங்கள் சொல்லிவிடவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. எனக்கு அந்தப் புள்ளிகளே போதும். படத்தில் அவை கரிக்கட்டையாகத் தெரிகின்றன. உண்மையில் அவற்றின் வெப்பம் ஏறத்தாழ 4,000 கெல்வின். சுற்றியிருக்கும் பரப்பு 5,800. ஒரு பெரிய புள்ளியை மட்டும் தனியே எடுத்து இரவு வானத்தில் வைக்க முடிந்தால் கண் கூசும். எக்ஸ்போஷர் சுற்றியுள்ள சுடருக்காக வைக்கப்பட்டதால் புள்ளி கறுத்தது. வானியலாளர்களுக்கு இது தெரியும், அதனால் புள்ளியை யாரும் ஓட்டை என்று நினைப்பதில்லை. தவிர, அந்தத் தட்டுகள் எதுவும் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, நேரம் உண்டு, அடுத்த நாளின் படம் உண்டு. நூறாண்டுக்கும் மேலான வரிசையாகச் சேர்ந்ததால்தான் அவற்றை டிஜிட்டலாக்கி உலகெங்கும் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அழகான சூரியன் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து மாட்டியிருந்தால் அது சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என்னோடு நானே தர்க்கம் செய்துகொள்கிறேன். கறுப்புத் தண்ணீரில் மிதக்கும் கொக்கைப் பார்த்து ஒரு பையன் முதல் தடவையாகப் பறவையைத் திரும்பிப் பார்க்கிறான் என்றால் அந்தக் கறுப்புக்கு நான் என்ன சொல்ல முடியும்? குழாயும் கேனும் தெரியும் படத்தை அவன் தாண்டிப் போயிருப்பான். ஓவியனுக்கு விட்டுவிடும் உரிமை உண்டு, படம் பிடிப்பவனுக்கு மட்டும் ஏன் கூடாது? கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிழலை உயர்த்திவிட்டால் உண்மை வந்துவிடும் என்பதும் குழந்தைத்தனம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் மலையின் மண்ணுக்குள் இறங்கியது, எந்த ஐ.எஸ்.ஓ.விலும் அது படத்தில் விழாது. வாட்டில் மரமும் பைனும் புல்வெளியை விழுங்கியதால் ஓடைக்கு என்ன ஆயிற்று என்பதும் ஒரு சட்டகத்தில் அடங்காது. உண்மையில் அந்த வாட்டில் காடு பூத்திருக்கும்போது மஞ்சள் பொங்க, படத்துக்கு வெகு எடுப்பாகவே இருக்கிறது. இன்னொரு வேடிக்கை. லென்ஸுக்கு முன்னால் போலரைசர் கண்ணாடியை மாட்டிக் கிட்டத்தட்ட 37 பாகைக் கோணத்தில் தண்ணீரைப் பார்த்துத் திருப்பினால் மேலே மிதந்த வானத்தின் பிம்பம் துடைத்தாற்போலப் போய்விடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கித் தண்ணீரைக் கறுக்கவைக்கும் கண்ணாடிதான் அது. ஆனால் வானம் போனதும் அடித்தரை தெரியத் தொடங்குகிறது. பாசி, கூழாங்கல், மருந்துப் பொட்டலத்தின் வெள்ளி உறை. ஒளியைக் குறைத்தும் காட்ட முடியும், கூட்டியும் மறைக்க முடியும். ஆகையால் எண்களில் நீதி இல்லை. கொக்குக்கு இந்தக் கண்ணாடி தேவைப்படுவதில்லை. தண்ணீரில் ஒளி வளைவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அது மீனைக் கொத்துகிறது. அதன் பார்வையில் தண்ணீரே பிரதானம், நாம் பின்னணி என்று அழித்துவிட்டது அதற்குச் சோறு.

இந்த இடத்தில்தான் உறுத்தல் எது என்று ஓரளவு பிடிபடுகிறது. படத்தின் கறுப்பில் தவறில்லை. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்து, பறவைக்கு இடம் தேவையில்லை என்று நம் கண் பழகிவிடுவதுதான் தவறு. எந்த ஊர்த் தண்ணீர், யார் இறைப்பது, எந்த மாதம் வற்றும் என்ற எதுவும் கேட்காமலே ஒரு நீர்ப்பறவையை ரசித்துவிட முடிகிறது. வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆட்சியரிடம் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை, ஏரி, வயல் மூன்றையும் ஒரே பார்வையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். பறவையின்மேல் அவர்களுக்கு நம்மைவிடக் காதல் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பார்வையில் பின்னணி என்று தனியாக ஒன்று இல்லை, அவ்வளவுதான். பூண்டியின் மடையானுக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரே தண்ணீர். தேக்கம் வற்றினால் பெரியவர் குழாயைக் கீழே இறக்குவார். மடையான் வேறு பள்ளத்துக்குப் போகும். படத்தில் இரண்டும் சேர்ந்து நின்றால், ஒன்று போவதற்கும் மற்றது இறங்குவதற்கும் உள்ள சம்பந்தத்தைப் பத்தாண்டு கழித்துப் பார்ப்பவராவது கண்டுகொள்வார். கறுப்பில் நிற்கும் மடையானிடமிருந்து அவர் ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அது எந்த ஊரின் எந்தக் காலத்து மடையானாகவும் இருக்கலாம்.

வெள்ளையை எரித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இறகு தெரியாத கொக்கால் யாருக்கும் பயனில்லை. 1/3200இல் வையுங்கள், பனியில் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், கல்லெறியாதீர்கள். அதே இடத்தில் நின்றபடி தண்ணீருக்கு ஒளி வைத்து இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கு வெந்துபோகட்டும், கரை தெரியட்டும். இரண்டையும் சேர்த்துச் சேமியுங்கள், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கரைக்குத் திரும்பிப் போங்கள். பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒன்று. படத்தின் கீழே கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் தவறாமல் அச்சிடுகிறீர்கள். அந்த வரியோடு இன்னும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: பறவை நின்ற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்கெல்லாம் போகிறது. அதை எழுதத் தெரியாதவரின் படத்தை, எழுதத் தெரிந்துகொண்டு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.